மூடிய கதவும் ஆறு வார்த்தைகளும்

திருக்கச்சி நம்பி பூந்தமல்லிக்காரர், ராமானுஜர் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். காஞ்சி வரதன் சந்நிதிக்குள் நம்பியிடம் ஆறு வார்த்தைகள் சொன்னதாகவும், நம்பி அவற்றை ராமானுஜரிடம் சேர்த்ததாகவும் சம்பிரதாயம். உள்ளே பேசியது வெளியே வந்தது. அதனால் ஊருக்கு ஞாபகமிருக்கிறது.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களும் உடன் மாண்டார்கள். வழக்கு பூந்தமல்லி தடா கோர்ட்டில், பொதுஜனம் நுழையாமல் நடந்தது. அந்தப் பக்கம் எத்தனையோ தரம் பஸ்ஸில் போயிருக்கிறேன். உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றியதில்லை. 1998 ஜனவரி 28ல் ஓர் எண் வெளியே வந்தது: 26 பேருக்கும் தூக்கு. 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தடா பொருந்தாது என்றது. 19 பேர் விடுதலையானார்கள். மிஞ்சிய ஏழு பேர் வெளியே வந்தது 2022ல்.

இந்தோனேசியாவில் 1965ல் கொலையுண்ட ஏழு ராணுவ அதிகாரிகளுக்கு அரசு சிலை வைத்தது. அதையடுத்து ராணுவமும் மத இளைஞர் படைகளும் கொன்ற லட்சக்கணக்கானவர்களுக்கு வைக்கவில்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது அபத்தம். ஆனால் கல்லின் குணம் எங்கும் ஒன்றே: ஒரு சாவை நிறுத்திவைத்து, மற்ற கேள்விகளை மூடிவிடும்.

ஸ்ரீபெரும்புதூர் நினைவிடம் துக்கத்துக்குப் போதும், சரித்திரத்துக்குப் போதாது. அந்தப் 19 பேர் பதினைந்து மாதத்துக்கு மேல் தூக்குக்குக் காத்திருந்ததை எந்தக் கல்லும் சொல்லாது. நம்பிக்காவது வெளியே ஒருவர் காத்திருந்தார். பூந்தமல்லியில், வாசலில் நின்று கேட்க நாம் யாரும் போகவில்லை.