படித்தால் வராத பரீட்சை உண்டா?

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் சாயங்காலம், என் பேத்தி ஒரு தடித்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உம்மென்று உட்கார்ந்திருந்தாள். அமெரிக்கக் கல்லூரிகளில் சேருவதற்கான எஸ்.ஏ.டி. பரீட்சைப் புத்தகம். என்ன விஷயம் என்று கேட்டேன். "இதெல்லாம் படிச்சு வராதாம் தாத்தா. பொறக்கும்போதே தலையில இருக்கணுமாம்" என்றாள்.

நான் கடைக்காரன். கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். ஆனால் ஒரு சரக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதற்கு விலை பேசுகிற வழக்கம் எனக்கில்லை. ஆகவே இந்தப் பரீட்சை எங்கே பிறந்தது, யார் செய்தது என்று தேடிப் படித்தேன். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இந்தக் கவலை இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் 1900-ல் அமைந்தது. அடுத்த ஆண்டு அது நடத்திய முதல் பரீட்சைகள் பாடத்தை ஒட்டிக் கட்டுரையாக விடை எழுதுபவை. 1917-ல் அந்நாடு முதல் உலகப் போரில் இறங்கியதும் காற்று மாறியது. படைக்கு வந்த சுமார் 17 லட்சம் பேரை விரைவில் தரம் பிரிக்க, 'புத்தித் தேர்வு' ஒன்றை வைத்தார்கள். அந்த வேலையில் பங்கு கொண்டவர் கார்ல் பிரிகாம். அந்த மதிப்பெண்களை வைத்து 1923-ல் அவர் ஒரு நூல் எழுதினார். வட ஐரோப்பிய இனத்தாருக்குப் பிறவியிலேயே அறிவு அதிகம், மற்றவர்க்குக் குறைவு என்பது அதன் சாரம்.

அதே பிரிகாம்தான் எஸ்.ஏ.டி.யையும் உருவாக்கினார். 1926 ஜூன் 23-ல் 8,040 பேர் அதை முதன்முதலாக எழுதினார்கள். 97 நிமிஷத்தில் 315 கேள்விகள்! பெயரின் நடுவில் இருந்த 'ஏ' என்ற எழுத்து 'ஆப்டிட்யூட்', அதாவது இயல்பான திறன். என் பேத்தி காதில் விழுந்த பேச்சின் வேர் இதுதான்.

ஆனால் 1930-ல் பிரிகாமே தம் பழைய முடிவுகள் ஆதாரமற்றவை என்று எழுதிவிட்டார். வேறு மொழி பேசும் வீட்டில் வளர்ந்தவரை ஆங்கிலத் தேர்வால் அளந்து ஒப்பிடுவது தகாது என்று ஒப்புக்கொண்டார். வீட்டில் தமிழும் வெளியில் வேறு மொழியுமாக வளரும் நம் பசங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். செய்தவர் கைவிட்ட பிறகும், அந்தப் பெயர் மட்டும் அறுபது ஆண்டுக்கு மேல் நின்றது. 1948-ல் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வும் வந்து சேர்ந்தது.

இதற்கு எதிர்க்கடை போட்டவர் ஸ்டான்லி கேப்லன். நியூயார்க் புரூக்ளினில் குழாய் வேலை செய்து பிழைத்தவரின் மகன். அரசுக் கல்லூரியில் நன்றாகப் படித்தும் மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைக்கவில்லை. யூதர் என்பதும் தாம் படித்தது அரசுக் கல்லூரி என்பதும்தான் காரணம் என்று அவர் நம்பினார். 1938-ல் வீட்டின் நிலவறையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கி, 1946-ல் எஸ்.ஏ.டி.க்கும் பயிற்சி தந்தார். கேள்வித்தாள் அப்போது ரகசியம். பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சாப்பிடக் கொடுத்து, ஆளுக்கொரு கேள்வியை நினைவுபடுத்திச் சொல்லச் சொல்வாராம்!

பயிற்சியால் பயனில்லை என்றே வாரியம் சொல்லிக்கொண்டிருந்தது. 1979-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஆராய்ந்து, பயிற்சியால் மதிப்பெண் ஓரளவு கூடுகிறது என்று கண்டது. அதே ஆண்டு நியூயார்க் மாநிலம், எழுதியவர்களுக்குக் கேள்வியையும் விடையையும் காட்ட வேண்டும் என்று சட்டம் செய்தது. 1990-களில் 'ஆப்டிட்யூட்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். இன்று எஸ்.ஏ.டி. என்ற மூன்று எழுத்துக்கு விரிவே கிடையாது.

கடையில் எடைக்கல்லுக்குக் குறித்த காலத்தில் அரசாங்க முத்திரை வாங்க வேண்டும். கல்லைச் சோதிக்காமல் அரிசியைக் குறை சொல்லக் கூடாது. எல்சாட்டில் 'தர்க்க விளையாட்டு' என்று ஒரு பகுதி இருந்தது. படம் வரைந்து போட்டுப் பார்ப்பதே அதற்கு வழக்கமான முறை. பார்வையற்றவர் என்ன செய்வார்? வழக்கு நடந்து 2019-ல் சமரசம் ஏற்பட்டது. 2024 ஆகஸ்டிலிருந்து அந்தப் பகுதியே இல்லை.

அப்படியானால் பரீட்சையே வேண்டாமா? அதுவும் சரியில்லை. தம்மிடம் அன்று ஒரு பொதுப் பரீட்சை வைத்திருந்தால் தகுதியைக் காட்டியிருப்பேன் என்பதே கேப்லனின் எண்ணம். 2020 பெருந்தொற்றில் பல பல்கலைக்கழகங்கள் எஸ்.ஏ.டி.யைக் கட்டாயமில்லை என்றன. 2022-ல் எம்.ஐ.டி.யும் 2024-ல் ஹார்வர்டும் திரும்பக் கேட்கத் தொடங்கின. வசதி குறைந்த பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்குத் தன் திறனைக் காட்ட அது ஒரு வழி என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

மிஞ்சுவது பணப் பிரச்சினை. காசுள்ளவன் பயிற்சி வாங்குகிறான், இல்லாதவன் நிற்கிறான். 2015 முதல் கான் அகாடமி வழியாக எஸ்.ஏ.டி. பயிற்சி இலவசமாகக் கிடைப்பது இதற்குச் சிறு பரிகாரம். நம் நாட்டுத் தேசியச் சட்டப் பள்ளிகளுக்கு 2008-ல் வந்த கிளாட் தேர்வுக்கும் பழைய கேள்வித்தாள்கள் கிடைக்கின்றன. இப்போது அதில் 120 கேள்வி, 2 மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. அதுவும் பத்தியைப் படித்துப் பொருள் காணும் பரீட்சைதான். தினம் ஊன்றிப் படிக்கிற பழக்கம் உள்ளவனுக்கு அது கைகொடுக்கும்.

பேத்தியிடம் நான் சொன்னது இவ்வளவுதான். பழைய தாளைக் கடிகாரம் வைத்து எழுது. தப்பானதை ஒரு நோட்டில், ஏன் தப்பு என்ற காரணத்தோடு பதிந்து வை. நஷ்டக் கணக்கு எழுதாத வியாபாரி தேற மாட்டான். எங்கள் சமண நூல்கள், அறிவு எல்லா உயிர்க்கும் இயல்பு என்கின்றன. அதை மறைக்கும் வினைக்கு ஞானாவரணீயம் என்று பெயர். திரை ஆளுக்கு ஆள் கனம் வேறாக இருக்கலாம்; முயற்சியால் விலகாத திரை என்று எந்தப் பெரியவரும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி அவள் மறுபடியும் புத்தகத்தைத் திறந்தாள். எத்தனை மதிப்பெண் வரும் என்று நான் கேட்கவில்லை. நோட்டு வாங்கிக் கொடுத்தேன்.