நேர இடைவெளிப் பிசகு (விரிதாள்)

குறித்த கால ஒழுங்கில் எழுதப்படும் தரவில் இடைவெளி கூடியோ குறைந்தோ வரும் இடம். மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே எழுவான்கரையில் உள்ள குருக்கள்மடத்தில் ஒரு கருவி 15 நிமிடத்துக்கு ஒருமுறை வாவியின் நீர்மட்டத்தைப் பதிகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு நேரத்திலிருந்தும் அதற்கு மேல்வரிசை நேரத்தைக் கழித்தால் பிசகு தெரியும்.

விரிதாள் ஒரு நாளை 1 என எண்ணுவதால் 15 நிமிடம் 1/96 ஆகும். இது முடிவுறாத் தசமம். நேரடியாக ஒப்பிட்டால் சரியான வரிசையும் பிழையாகத் தோன்றலாம். வித்தியாசத்தை 1440ஆல் பெருக்கி முழு நிமிடமாக்குவதே பாதுகாப்பு. பின்னர் 15 அல்லாதவற்றை வடிகட்டலாம். பூச்சியம் வந்தால் இரட்டைப் பதிவு.

இலங்கைத் தரவில் தனிச் சிக்கல் ஒன்றுண்டு. 1996 மே 25இல் நாட்டின் கடிகாரம் ஒரு மணிநேரம் முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 26இலும் 2006 ஏப்ரல் 15இலும் அரைமணிநேரம் பின்தள்ளப்பட்டது. உள்ளூர் நேரத்தில் எழுதிய பட்டியலில் முதல் மாற்றம் 75 நிமிட வெற்றிடமாகவும், மற்றவை கழித்தல் குறியுடனும் தெரியும். உண்மையில் ஒரு பதிவும் தொலைந்திராது. ஆனால் நேரப்படி வரிசைப்படுத்தினால் பின்தள்ளிய அரைமணிநேரப் பதிவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே வரிசைப்படுத்துமுன் மூல வரிசையெண்ணைத் தனி நிரலில் காப்பது அவசியம். போதாக்குறைக்கு, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே கைக்கொண்டன.

மெய்யான வெற்றிடத்தைப் பூச்சியத்தால் நிரப்பக்கூடாது. வடகீழ்ப் பருவ மழையில் கருவி பழுதான நாள், வாவியே வற்றிய நாளாகத் தோன்றும்.