எல்லையில் சிப்பாயா, காவலரா?

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் ராஜகிரி ஏறி, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் இதைப் பிடித்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்த பிறகும் இங்கிருந்த பிரெஞ்சுப் படை ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தது. அந்தக் காலத்தில் எல்லைக் காவல் என்றாலே படைதான். வேறு ஆள் கிடையாது.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்களுக்கு 'ஜாந்தார்ம்' என்ற சொல் சிறுவயதிலேயே பழக்கம். ஜாந்தார்ம் ராணுவத்தைச் சேர்ந்தவர், ஆனால் செய்வது போலீஸ் வேலை. 2009-ல் பிரான்ஸில் ஒரு சட்டம் கொண்டுவந்து அவர்களை உள்துறையின் கீழ் வைத்தார்கள். இன்றும் அவர்கள் ராணுவத்தினர்தான். எல்லைக் காவலுக்கு ராணுவத்தின் ஆட்களையும் கருவிகளையும் பயன்படுத்த எங்கோ ஒரு மசோதா வருகிறது என்று பத்திரிகையில் படித்தால், எனக்கு நம் ஊர்ப் பக்கத்துச் சங்கதிகள்தான் ஞாபகம் வரும்.

முதலில் புதுச்சேரி. 1941-ல் ஏற்பட்ட சுங்க ஒப்பந்தம் 1949-ல் முடிந்தது. உடனே இந்திய அரசு பிரெஞ்சுப் பகுதியைச் சுற்றிச் சுங்கக் காவல் போட்டது. தென்னார்க்காடு மாவட்டத்தின் நடுவே அந்த எல்லை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். ஒரு கழனி இந்தியாவில் இருக்கும், வரப்பைத் தாண்டினால் பிரான்ஸ்! கல்யாணத்துக்குத் துணி எடுத்துப் போனவர்கள்கூட மூட்டையைப் பிரித்துக் காட்டவேண்டியிருந்தது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 1954-ல் கெடுபிடி அதிகமானது. மார்ச்சில் நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகிய இடங்கள் விடுதலைக்காரர்கள் கைக்கு வந்தன. அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர ஒப்புக்கொண்டார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. இதற்கு இந்திய ராணுவம் உள்ளே வரவில்லை. சுங்கமும் போலீசும் பேச்சுவார்த்தையும் போதுமானதாக இருந்தன. போர்ச்சுகல் இறங்கி வராத கோவாவுக்கு மட்டும் 1961 டிசம்பரில் ராணுவம் போகவேண்டி வந்தது.

அதுவரை பாகிஸ்தான் எல்லையைக்கூட பெரும்பாலும் மாநிலங்களின் ஆயுதப் போலீஸ்தான் காத்துவந்தது. 1965 ஏப்ரலில் கட்ச் பகுதியில் பாகிஸ்தான் ராணுவம் தாக்கியபோது, போலீஸ் மட்டும் போதாது என்று தெரிந்தது. அதற்காக எல்லா இடத்திலும் ராணுவத்தை நிறுத்தவும் அரசு விரும்பவில்லை. 1965 டிசம்பர் 1-ல் எல்லைப் பாதுகாப்புப் படை பிறந்தது. அதற்கான சட்டம் 1968-ல் வந்தது. முதல் தலைவர் ருஸ்தம்ஜி ஒரு போலீஸ் அதிகாரி.

கடலிலும் இதே கேள்வி எழுந்தது. கடத்தல் பெருகியபோது கடற்படைக் கப்பலை அனுப்பச் சொன்னார்கள். போருக்குக் கட்டிய கப்பலைக் கடத்தல் தோணி பிடிக்க ஓட்டினால் கப்பலும் தேயும், பயிற்சியும் கெடும் என்றது கடற்படை. 1974-ல் அதே ருஸ்தம்ஜி தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1976-ல் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்துக்குச் சட்டம் வந்ததும் காக்கவேண்டிய கடலும் பெருகியது. 1977 பிப்ரவரி 1-ல் கடற்படை கொடுத்த இரண்டு பிரிகேட் கப்பல்கள், ஐந்து ரோந்துப் படகுகளோடு கடலோரக் காவல்படை தொடங்கியது. 1978 ஆகஸ்டில் அதன் சட்டம் வந்தது. ராணுவத்தின் பொருளை எல்லைக் காவலுக்கு எடுத்தாலும், அதற்கென்று தனிப் படை, தனிச் சட்டம் என்று முறையாகச் செய்தார்கள். ஆபத்தில் இருக்கும் மீனவருக்கு உதவுவதும் அந்தச் சட்டத்தில் ஒரு கடமை.

அமெரிக்காவில் 1878-லேயே, ராணுவத்தைக் கொண்டு போலீஸ் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். 1981-ல் கருவியும் தகவலும் கொடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். 2006-ல் மெக்சிகோ எல்லைக்குத் தேசியக் காவலரை அனுப்பியபோதும் அவர்கள் வேலை உதவி செய்வதுதான். கைது செய்வது எல்லைக் காவல்காரர் பொறுப்பு.

நம் பாக் நீரிணையில் 1990 முதல் கடற்படை ரோந்து நடக்கிறது. அங்கே 2022 அக்டோபரில், எச்சரித்தும் நிற்கவில்லை என்று நம் கடற்படையினரே ஒரு படகை நோக்கிச் சுட்டார்கள். அதில் இருந்தது மயிலாடுதுறைப் பக்கத்து மீனவர். அவர் காயத்தோடு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனார். தமிழ்நாட்டுப் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. சுட்டவரும் இந்தியர், அடிபட்டவரும் இந்தியர்.

சிப்பாய்க்கு எதிரியைக் கண்டால் சுடப் பயிற்சி. காவலருக்கோ ஆளைப் பிடித்து, விசாரித்து, கோர்ட்டில் நிறுத்தப் பயிற்சி. எல்லையில் வருகிறவன் எதிரியா, வலை விரிக்க வந்தவனா என்று இருட்டில் தெரியாது. அதனால்தான் இரண்டு பயிற்சியும் கலந்த படைகளை நம்மவர்கள் உண்டாக்கினார்கள்.

குமாஸ்தாவாக இருந்தவன் புத்தி எப்போதும் பைலைத்தான் தேடும். கப்பல், ரேடார், ஆள் எந்த இலாகாவுடையதாக இருந்தாலும் சரி. எந்தச் சட்டப்பிரிவின்படி நிறுத்தினார்கள், யார் உத்தரவு, தவறு நடந்தால் யார் பதில் சொல்வது? இந்த மூன்றும் மசோதாவில் தெளிவாக எழுதியிருந்தால் ராணுவத்தின் உதவியை வாங்கிக்கொள்ளலாம். எழுதாமல் விட்டால் அந்தக் குறையைக் கடைசியில் அனுபவிப்பது எல்லையோரத்து ஏழைதான்.