உப்பும் அமணரும்: ஒரு சகரம் தொலைந்த வரலாறு

ஒலி ஒன்றுபோல் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லும் தமிழ், இந்தச் சொல்லும் தமிழ் என்று விழா மலர்களில் எழுதுவது நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. படிக்க இனிக்கும், வெளியார் கேள்வி கேட்டால் நிற்காது. மொழியியலார் சொற்களைச் சேர்த்து அதிலிருந்து ஒரு கொள்கைக்கு எப்படிப் போகிறார்கள் என்பதை ஒரே ஓர் எழுத்தை வைத்துச் சொல்ல விரும்புகிறேன். நான் பட்டம் பெற்றவனல்லன். நாகபுரியில் கடை வைத்திருக்கும் தமிழ்ச் சமணன். அந்த எழுத்து எங்கள் பெயரோடும் சம்பந்தப்பட்டது.

விதர்ப்பாவிலும் அதை அடுத்த காட்டுப் பகுதிகளிலும் வாழும் கோண்டு மக்களின் மொழி திராவிட மொழி. நம் 'உப்பு' அவர்களிடம் 'ஸோவர்'. 'ஐந்து' ஸையுங், 'ஆறு' ஸாருங். பஸ்தர் பக்கத்துப் பர்ஜி மொழியில் உப்பு 'சுப்'. 'ஈ' என்று நாம் சொல்லும் கொடுத்தல் 'சீ'. இது சரக்குச் சேர்க்கும் வேலை. இதோடு நின்றால் வெறும் பட்டியல்தான்.

அடுத்தது கேள்வி. அவர்கள் சகரத்தைச் சேர்த்தார்களா, நாம் தொலைத்தோமா? அவர்கள்தான் சேர்த்தார்கள் என்றால் உயிரெழுத்தில் தொடங்கும் எல்லாச் சொல்லிலும் சேர்த்திருக்க வேண்டுமல்லவா? ஆனால் 'ஏழு' அங்கே 'யேருங்', சகரம் இல்லை. ஆறுக்கு உண்டு, ஏழுக்கு இல்லை என்பதற்கு, சேர்த்தார்கள் என்று சொல்பவரிடம் விடை கிடையாது. ஆகவே ஆதியில் சில சொற்களில் சகரம் இருந்தது, தெற்கே அது உதிர்ந்தது என்பதே கணக்குக்குப் பொருந்துகிறது. நம் வீட்டிலேயே 'சிறகு', 'இறகு' இரண்டும் இருக்கின்றனவே! 1947-ல் தாமஸ் பர்ரோ இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். பிறகு பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, கோண்டியின் வட்டார வழக்குகளில் 'ஸ' முதலில் 'ஹ' ஆகி, பின் அதுவும் மறைவதை 1998-ல் ஆராய்ந்து காட்டினார். தெற்கே என்றோ நடந்து முடிந்ததை ஒத்த ஒரு மாற்றம், கோண்டியில் படிப்படியாகக் காணக் கிடைக்கிறது.

நல்ல கொள்கை புதுச் சான்று வரும்போதும் நிற்க வேண்டும். அசோகரின் கல்வெட்டில் சோழ, பாண்டிய, கேரளரோடு 'ஸதியபுத' என்றொரு மரபு வருகிறது. அது யாரென்று பலர் பலவாறு சொன்னார்கள். மராட்டியரின் 'ஸாத்புதே' என்ற குடும்பப் பெயரோடு இணைத்தவர்களும் உண்டு. சகரம் உதிர்ந்தால் 'ஸதிய' என்பது 'அதிய' ஆகும், அதியமான் மரபே அது என்று வேறு சிலர் கருதினார்கள். 1981-ல் திருக்கோவலூர் அருகே ஜம்பையில் ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அதில் 'ஸதியபுதோ' என்ற பட்டமும் 'அதியன் நெடுமான் அஞ்சி' என்ற பெயரும் ஒரே வரியில் நிற்கின்றன. அவன் ஒரு 'பாளி'யை, அதாவது துறவியர் உறைவிடத்தை, 'ஈத்த' செய்தியே அது. அந்த 'ஈத்த' என்ற சொல்லும் சகரம் இழந்ததுதான்!

இனி எங்கள் பெயர். பிராகிருத 'ஸமண' தமிழில் 'அமண' ஆயிற்று. கரூர் அருகே புகளூரில், ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முந்தைய சேரர் கல்வெட்டு, உறைவிடம் பெற்ற துறவியை 'அமணன்' என்றே குறிக்கிறது. இங்கே ஜைனன் என்றால் 'மார்வாடியா?' என்கிறார்கள், ஊருக்குப் போனால் 'வடக்கத்தியரா?' என்கிறார்கள். சொல் வடக்கிலிருந்து வந்தது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உப்புக்கும் ஆறுக்கும் தமிழ் நாக்கு செய்ததையே அதற்கும் செய்து தன்னுடையதாக்கிக்கொண்டது. பிள்ளைகளுக்குப் பெருமை சொல்லித் தருகிறவர்கள் இப்படிக் கணக்குக் காட்டிச் சொல்லித் தரட்டும். யார் கேட்டாலும் நிற்கும்.