கருங்கற் கோட்டையைத் தேடிய கதை

ஜொகூர் ஆறு நெடிய ஆறன்று. எனினும் மலாய்த் தீபகற்ப வரலாற்றில் அதற்குரிய இடம் பெரிது. 1511-இல் மலாக்கா வீழ்ந்தபின், அதன் அரச மரபினர் அமைத்த தலைநகரங்கள் பல இவ்வாற்றங்கரையிலேயே எழுந்தன. மலாய் இலக்கியத்தின் தலையாய உரைநடை நூலாகிய ‘செஜாரா மெலாயு’வும் ஜொகூர் அரசின் பெண்டஹாராவாக விளங்கிய துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடு இணைத்தே பேசப்படுகிறது. அந்நூலின் முன்னுரை 1612-ஆம் ஆண்டைச் சுட்டுகிறது.

அந்நூலில் ஒரு கதை வருகிறது. கெலிங் நாட்டிலிருந்து, அதாவது தென்னிந்தியாவிலிருந்து, பெரும்படையுடன் வந்த மன்னன் ஒருவன் கங்கா நகரத்தை வென்றபின் கெலாங்கூய் என்னும் நகரைத் தாக்குகிறான். அந்நகரின் கோட்டை கருங்கல்லால் ஆயது. ஜொகூர் ஆற்றின் தலைப்பகுதியில் அது இன்றும் உள்ளது என்று நூலாசிரியர் எழுதுகிறார். அந்நகர்ப் பெயரின் மூலவடிவத்துக்கு ‘மணிக் கருவூலம்’ என்பது பொருள் என்றும், மக்கள் நாவில் அது திரிந்துவிட்டது என்றும் விளக்குகிறார். அம்மரபின் மன்னன் பொன்னையும் மணியையும் கல்லினுள் மறைத்து வைத்து, பின்னாளில் தன் வழித்தோன்றல் ஒருவன் அவற்றை அடைவான் என்று கூறிச் சென்றதாகவும் கதை தொடர்கிறது. கோட்டை, கருவூலம், திரிந்த பெயர், மறைத்த செல்வம் எனப் புதிர் ஒன்றுக்கு வேண்டியன யாவும் இக்கதையில் அமைந்துள்ளன.

கோட்டை இன்றும் உள்ளது என்ற அந்தக் கூற்று, நான்கு நூற்றாண்டுகள் கழித்து மனிதரைக் காட்டுக்குள் இட்டுச் சென்றது. ரைமி சே ரோஸ் என்னும் ஆய்வாளர் பழைய ஏடுகளையும் வான்வழிப் படங்களையும் ஒப்பிட்டு, கோத்தா கெலாங்கி எனப்படும் அந்நகரின் சுவடு ஜொகூர்க் காட்டில் இருக்கக்கூடும் என 2004-இல் ஓர் ஆய்விதழில் எழுதினார். 2005 பிப்ரவரியில் நாளேடுகள் அதனைப் பெருஞ்செய்தியாக்கின. அவ்வாண்டு ஜூலையில் அரசு அமர்த்திய குழு ஏறத்தாழ ஒரு மாதம் தேடியது. நகரின் சுவடு எதுவும் கிட்டவில்லை என்று 2006 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

இத்தேடலில் தமிழர்க்கும் ஓர் ஆவல் உண்டு. கதையில் வரும் மன்னனை இராஜேந்திர சோழனாகக் காண விழையாத தமிழுள்ளம் அரிது. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ போன்ற புதினங்கள் வளர்த்த உணர்வு அது. எனினும், 1025-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடற்படையெடுப்பைப் பாடும் தஞ்சைக் கல்வெட்டு கடாரம், ஸ்ரீவிசயம் முதலிய பதின்மூன்று இடங்களை எண்ணுகிறது. கெலாங்கூய் என்ற பெயர் அப்பட்டியலில் இல்லை. பெருமிதம் வேறு, சான்று வேறு.

கதையை நம்பித் தேடுவது தவறாகுமா? ஹோமரின் காவியத்தை நம்பிய ஷ்லீமன், துருக்கியின் ஹிசார்லிக் மேட்டைத் தோண்டி 1873-இல் பொற்குவியல் கண்டார். அதனைத் திராய் மன்னன் பிரியாமின் செல்வம் என்றார். ஆனால் அது திராய்ப் போருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. கதை காட்டிய இடம் சரியாக இருந்தது. கதையைக் கொண்டு அவர் கூறிய விடை தவறாயிற்று.

செஜாரா மெலாயுவே இதற்கோர் எச்சரிக்கை தருகிறது. அம்மரபின் மன்னன் சீனத்தை வெல்ல எண்ணித் தெமாசிக் வந்தபோது, சீனப் பேரரசர் பல்லிழந்த முதியோரையும், கனி தரும் மரங்களையும், துருவேறிய ஊசிகளையும் ஒரு கப்பலில் அனுப்பினாராம். “புறப்பட்டபோது நாங்கள் பன்னிரண்டு வயதுச் சிறுவர், இம்மரங்கள் வெறும் விதைகள், இவ்வூசிகள் இரும்புத் தண்டுகள்,” என்றனர் முதியோர். அதனை ஆராயாது நம்பிய மன்னன், சீனம் எட்டாத் தொலைவில் உள்ளதென எண்ணித் திரும்பினான்.

கோட்டை கிட்டாத ஜொகூர் ஆற்றங்கரையில் வேறொன்று கிட்டியுள்ளது. அங்குக் கண்டெடுத்த தொன்மணிகளைப் பற்றி ஜெரால்ட் கார்ட்னர் 1937-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். எந்த மன்னனின் பெயரும் தாங்காத அம்மணிகள், கடல்வழி வாணிகம் இவ்வாற்றைத் தொட்டதற்குச் சான்றாகின்றன. கருவூலக் கதையை வகுப்பில் சொல்லும் ஆசிரியர், இம்மணிகளையும் மாணவர் முன் வைத்தல் வேண்டும். எங்கே தேடலாம் என்பதைக் கதை உரைக்கலாம். அங்கே என்ன இருந்தது என்பதை மண்ணே உரைத்தல் வேண்டும்.