பெயர் தெரியாத குயவர் வனைந்த கிண்ணம்



காலையில் நீங்கள் டீ குடிக்கும் கோப்பையைச் செய்தவர் யார் என்று கேட்டால் உங்களுக்குத் தெரியாது. ஜப்பான் பெரிதும் போற்றும் ஒரு தேநீர்க் கிண்ணத்தின் கதையும் அதுதான்.

கியோட்டோ நகரில் தைதோகுஜி என்ற ஜென் மடாலயம் இருக்கிறது. அதைச் சேர்ந்த கோஹோ-ஆன் கோயிலில் 'கிசாஎமோன்' என்ற கிண்ணத்தைப் பாதுகாத்து வருகிறார்கள். ஜப்பான் அரசு 'தேசியப் பொக்கிஷம்' என்று அறிவித்துள்ள தேநீர்க் கிண்ணங்கள் மொத்தமே 8. அவற்றில் இது மட்டும்தான் கொரியாவில் வனையப்பட்டது. காலம் 16-ஆம் நூற்றாண்டு. கிசாஎமோன் என்பது செய்தவர் பெயர் அல்ல. ஒரு காலத்தில் அதை வைத்திருந்த ஒசாகா வியாபாரியின் பெயர்.

அப்படி என்ன அழகு என்று கேட்பீர்கள். சுமார் 15 செ.மீ. அகலம், மங்கிய பழுப்பு நிறம், அவ்வளவுதான். சக்கரம் சுழலும்போது குயவரின் விரல் பதிந்த வரிகள் வெளியே அப்படியே தெரியும். வனைந்த கிண்ணம் சற்றுக் காய்ந்ததும் கவிழ்த்து வைத்து அடியைச் சீவுவார்கள். சீவிய இடம் சொரசொரப்பாக இருப்பதால், சூளையில் வேகும்போது மேற்பூச்சு அங்கே சரியாகப் படியாமல் மணி மணியாகத் திரண்டுவிடும். சாதாரணமாக இதைக் குறை என்றுதான் சொல்வோம். ஜப்பானியத் தேநீர் ஆசான்களோ எளிமையே அழகு என்று கொண்டவர்கள். அந்தத் திரட்சியையே அவர்கள் ரசித்தார்கள்.

இந்தக் கிண்ணத்தை 1931-இல் பார்த்த யானகி சோயெட்சு என்ற கலை அறிஞர், இது ஏழைகள் சாப்பிடப் பயன்படுத்திய சாதாரணக் கிண்ணம் என்று எழுதினார். சடங்குப் பாத்திரமாக இருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

ரசனையோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1592-இல் ஜப்பானின் ஆட்சியாளர் ஹிதேயோஷி கொரியா மீது படையெடுத்தார். தேநீர்ச் சடங்கில் பெரும் ஈடுபாடு கொண்டவர். தம் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவை அதற்கு முந்தைய ஆண்டுதான் தற்கொலை செய்துகொள்ள உத்தரவிட்டவர். 1598-இல் அவர் இறந்த பிறகே போர் ஓய்ந்தது. ஊர் திரும்பிய ஜப்பானியப் பிரபுக்கள், கிண்ணங்களோடு நிற்காமல் குயவர்களையும் குடும்பத்தோடு கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். இதை 'மட்பாண்டப் போர்' என்றே சொல்வதுண்டு.

இன்று புகழ்பெற்ற ஹாகி, சத்சுமா, அரிதா மட்பாண்டங்களின் தொடக்கம் இவர்கள்தான். அதுவரை ஜப்பானில் பீங்கான் செய்யத் தெரியாது. கொரியக் குயவர் யி சாம்-பியோங் அரிதாவில் பீங்கானுக்கு ஏற்ற கல்லைக் கண்டுபிடித்ததாக வரலாறு சொல்கிறது. நாம்வோன் ஊரிலிருந்து கொண்டுபோகப்பட்ட சிம் குடும்பம் 400 ஆண்டுகள் கடந்தும் தங்கள் கொரியப் பெயரை விடவில்லை. 15-ஆம் தலைமுறை இன்றும் மண் பிசைகிறது.

வங்கியில் நகைக்கடன் பிரிவில் எடை பார்ப்போம், மாற்றுப் பார்ப்போம். செய்த ஆசாரி யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. படிவத்தில் அதற்கு இடமும் இல்லை. கிசாஎமோன் கிண்ணம் கைமாறியபோதும் வாங்கியவர், விற்றவர் பெயர்களைத்தான் குறித்து வைத்தார்கள். வனைந்தவருக்குச் சாட்சியாக மிஞ்சியிருப்பவை அந்த விரல் வரிகள் மட்டுமே. படம் எங்காவது கண்ணில் பட்டால், முதலில் அவற்றைப் பாருங்கள்.