புள்ளியும் புள்ளியும்

சென்ற வருடம் வீடு மாறியபோது பழைய பெட்டியொன்றின் அடியிலிருந்து, பத்திரிகைத் தாளில் சுற்றப்பட்ட கணினி அட்டை ஒன்று வெளிப்பட்டது. அதனோடு ஐந்தேகால் அங்குல பிளொப்பிகள் ஏழு. 1996 இல் நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்தில், குப்பையில் போடும்படி என்னிடம் தரப்பட்ட அட்டை அது. சோம்பல் காரணமாகப் போடாமல் விட்டேன். சோம்பலினால் எனக்குக் கிடைத்த நன்மைகள் மிகச் சில. இது அவற்றுள் ஒன்று.

வெள்ளவத்தையில் வசிக்கும் என் மருமகன் இலத்திரனியல் கற்பிப்பவர். பழைய கணினிகளைத் திருத்துவது அவருடைய பொழுதுபோக்கு. அட்டையை விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இதிலுள்ள எழுத்துச் சில்லை யாரோ மாற்றியிருக்கிறார்கள்" என்றார். மற்றைய சில்லுகள் பலகையில் நேரடியாக ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்க, அந்த ஒன்று மட்டும் கழற்றக்கூடிய குதையில் இருந்தது. அதன் முதுகில் சிறிய கண்ணாடி யன்னலும் இருந்தது. அந்த யன்னலின் கதையைச் சொல்ல 1981 ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை 1981 ஓகஸ்டில் அறிமுகப்படுத்தியபோது, திரையை இயக்குவதற்கு இரண்டு அட்டைகளை விற்றது. எம்.டி.ஏ. எனப்பட்டது ஒற்றை நிற அட்டை. வரிக்கு 80 எழுத்துகளாக 25 வரிகளை மிகத் தெளிவாகக் காட்டும். படம் வரையத் தெரியாது. சி.ஜி.ஏ. எனப்பட்டது வண்ண அட்டை. அது படம் வரையும். ஆனால் அதன் எழுத்துகள் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துக்குள் நெருக்குண்டு கண்ணை வருத்தும்.

இரண்டிலும் எழுத்துகளின் வடிவங்கள் அட்டையிலிருந்த ஒரு சில்லுக்குள் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டிருந்தன. கணினியின் நினைவகத்தில் இருப்பது எண் மட்டுமே. 65 என்ற எண் வந்தால் அட்டை தன் சில்லைப் பார்த்து ஆங்கிலப் பேரெழுத்து ஏயை வரையும். எம்.டி.ஏ. அட்டைக்கு 4 கிலோபைட் நினைவகமே போதுமாக இருந்ததன் காரணம் இதுதான்: 2000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் எண்ணுக்கு ஒரு பைட், தோற்றத்துக்கு ஒரு பைட். சில்லில் இருந்த வடிவங்கள் 256. ஆங்கிலம், ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகள், சில கிரேக்க எழுத்துகள், பெட்டி வரையும் கோடுகள். உலகின் ஏனைய எழுத்துகளுக்கு அங்கே இடம் இருக்கவில்லை.

அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த தாய்லாந்துக்காரர் வான் சுவன்னுகுல். தன் ஆய்வேட்டை ஐ.பி.எம். கணினியில் தாய் எழுத்துகளிலேயே எழுத விரும்பினார். தாய் மொழியில் ஓர் எழுத்தின் கீழே உயிர்க்குறி வரலாம்; மேலே உயிர்க்குறியும் அதற்கும் மேலே தொனிக்குறியும் வரலாம். நான்கு அடுக்குகள். எம்.டி.ஏ. சில்லில் அந்த எழுத்துகள் இல்லை, சி.ஜி.ஏ. திரையில் அவற்றுக்குப் போதிய புள்ளிகள் இல்லை. ஆகவே அவர் தாமே ஓர் அட்டையை வடிவமைத்தார். 1982 இல் கெவின் ஜென்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து கலிபோர்னியாவில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, அந்த அட்டையை 499 டொலருக்கு விற்றார். அதுவே ஹெர்குலிஸ் அட்டை.

அவர் செய்தது எளிமையானது, அதனாலேயே அழகானது. எம்.டி.ஏ. அட்டையில் இருந்த அதே மொட்டரோலா 6845 திரைக் கட்டுப்படுத்திச் சில்லைக் கொண்டே, அதே ஒற்றை நிறத் திரையில், 720 க்கு 348 என்ற அளவில் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஏற்றவும் அணைக்கவும் வழிசெய்தார். ஒரு வரிக்கு 90 பைட்; ஒரு முழுத் திரைக்கு 31,320 பைட். அட்டையில் 64 கிலோபைட் நினைவகம் இருந்தமையால் இரண்டு திரைகளை ஒரேநேரத்தில் வைத்திருக்க முடிந்தது. தெளிவான எழுத்தும் படமும் ஒரே திரையில் கிடைத்தன. 1983 இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 கணக்குத்தாள் மென்பொருள் இந்த அட்டையில் வரைபடம் காட்டியதும், அலுவலகங்கள் அதனை வாங்கிக் குவித்தன. தாய்வான் தொழிற்சாலைகள் பிரதிகளை உற்பத்தி செய்யத் தொடங்க, ஹெர்குலிஸ் என்ற பெயர் ஒரு நிறுவனத்தின் பெயராக இல்லாமல் ஒரு வகையின் பெயராகிவிட்டது. வரைபடம் பார்த்த கணக்காளர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும், தாம் பார்ப்பது தாய் எழுத்துக்காகப் பிறந்த அட்டையை என்று?

தாய் எழுத்துக்கு உயரம் பிரச்சினை என்றால் தமிழுக்கு அகலம் பிரச்சினை. அட்டையின் எழுத்துக் கட்டம் ஒன்பது புள்ளி அகலம். ஆனால் சில்லில் எட்டுப் புள்ளிகளே இருக்கும். ஒன்பதாவது, எழுத்துகளுக்கிடையே விடப்படும் வெற்றிடம். எட்டுப் புள்ளிக்குள் ஆங்கில ஐ தாராளமாக நிற்கும். நமது 'ண' வின் சுழிகளை அடக்கிப் பாருங்கள், 'ஞ' வை அடக்கிப் பாருங்கள். ஒன்றில் சுழியைக் குறைக்க வேண்டும், அல்லது எழுத்தை இரண்டாக வெட்டி இரு கட்டங்களில் வைக்க வேண்டும்.

இதைவிடப் பொல்லாத பொறி ஒன்றும் இருந்தது. 192 முதல் 223 வரையான எண்கள் பெட்டிக் கோடுகளுக்குரியவை. கோடு இடையறாமல் தொடர வேண்டும் என்பதற்காக, அந்த எண்களுக்கு மட்டும் அட்டை எட்டாவது புள்ளியை ஒன்பதாவது இடத்திலும் திரும்ப வரையும். அந்த எண்களில் ஒரு தமிழ் எழுத்தை வைத்து, அதன் கால் வலது ஓரத்தைத் தொட்டுவிட்டால், அது அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தமிழ் வடிவங்களைப் பொறித்தவர்கள் அந்த 32 இடங்களில் எதை வைப்பது என்று அதிகம் யோசித்திருப்பார்கள்.

வழிகள் பல தேடப்பட்டன. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். கான்பூர் ஐ.ஐ.ரி.யில் தொடங்கிய ஆய்வு, பின்னர் புனேயின் சி-டாக் நிறுவனத்தில் ஜிஸ்ட் என்ற தனி அட்டையாகி, இந்திய எழுத்துகளைத் திரையில் காட்டியது. ஹெர்குலிஸ் நிறுவனமே 1986 இல் வெளியிட்ட பிளஸ் அட்டையில் 3,072 வடிவங்களை மென்பொருள் மூலம் ஏற்ற முடிந்தது. கைச்செலவு குறைந்த வழி ஒன்றும் இருந்தது. தொழிற்சாலைச் சில்லைக் கழற்றிவிட்டு, நாமே பொறிக்கக்கூடிய ஈப்ரொம் சில்லைச் செருகுவது. 2764 எனப்படும் ஈப்ரொம் 8 கிலோபைட் கொள்ளும். யன்னல் வழியாகப் புறவூதா ஒளி பாய்ச்சினால் அழியும். பின்னர் புதிதாகப் பொறிக்கலாம். ஐ.பி.எம். அட்டையின் அசல் சில்லுக்கு 24 கால்கள், 2764 இற்கு 28 என்பதால் இடையில் ஒரு சிறு இணைப்பு வேண்டும். முதல் 128 இடங்களில் ஆங்கிலம், எஞ்சிய 128 இல் தமிழ்.

எங்கள் அலுவலகக் கணினி அத்தகையது. 1993 இல் பயிற்சி நிருபராக நான் சேர்ந்தபோதே அது பழையது. சில்லை மாற்றியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. 1996 இல் திரை மங்கியபோது திருத்த வந்தவர் வி.ஜி.ஏ. அட்டையொன்றைப் பூட்டிவிட்டுப் போனார். மறுநாள் என் கோப்புகளைத் திறந்தால் கிரேக்க எழுத்துகளும் பெட்டிக் கோடுகளும். எண்கள் அப்படியே இருந்தன; அவை என்ன எழுத்துகள் என்று அறிந்திருந்தது அந்தச் சில்லு மாத்திரமே. நானோ பிளொப்பிகள் பழுதாகிவிட்டன என்றே நம்பினேன். அப்போது விண்டோசில் ட்ரூடைப் எழுத்துருக்கள் வந்துவிட்டன. எழுத்து அட்டையை விட்டு மென்பொருளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. எவரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கோப்புகளில் ஒன்று, மட்டக்களப்பின் கூத்து அண்ணாவியார் ஒருவருடன் 1994 இல் நான் எடுத்த நேர்காணல். பத்திரிகையில் வந்தது பாதிதான். இடமில்லை என்று மீதியை வெட்டினார்கள். அண்ணாவியார் காலமாகி வெகுகாலம். அவருடைய பேத்தி முழுவதையும் கேட்டு இரண்டு முறை தொலைபேசியில் அழைத்துவிட்டார்.

மருமகன் அட்டைக்கு மின்சாரம் கொடுக்கவில்லை. முதலில் சில்லைக் கழற்றி, யன்னலைக் கறுப்பு ஒட்டுத்தாளால் மூடி, அதிலுள்ளதைப் பிரதியெடுத்தார். "அட்டையைத் திருத்த ஆயிரம் பேர் இருக்கிறார்கள் மாமா. இது போனால் போனதுதான்" என்றார். பிறகே அட்டையைத் தன் பழைய ஐ.பி.எம்.மில் செருகினார். கணினி அசையவில்லை. மின்வழங்கற் பாதையில் இருந்த தந்தாலக் கொள்ளளவி ஒன்று உள்ளே குறுக்குச் சுற்றாகியிருந்தது; இந்தக் காலத்து அட்டைகளின் வழக்கமான நோய். அதை மாற்றியதும் ஒரு நீண்ட ஒலி, இரண்டு குறுகிய ஒலி. திரை அட்டையில் கோளாறு என்பது அதன் பொருள். கோளாறு அட்டையில் அல்ல. தாய்ப்பலகையின் ஐந்தாம் ஆறாம் ஆளிகள் வண்ண அட்டைக்கென வைக்கப்பட்டிருந்தன. திரைப்பெட்டியையும் அவதானமாகத்தான் இணைத்தார். ஐ.பி.எம். ஒற்றை நிறத் திரை 18.432 கிலோஹேர்ட்ஸ் மீடிறனை எதிர்பார்ப்பது. அதற்கு வேறு மீடிறனைக் கொடுத்தால் அதன் உட்சுற்றுகள் எரியக்கூடும்.

பச்சைத் திரையில் தமிழ் எழுந்தது. இருபத்தெட்டு வருடங்களுக்கு மேலாக நான் காணாத அந்த ஒடுங்கிய 'ண'.

ஆனால் ஆங்காங்கே எழுத்துகளில் தேவையில்லாத புள்ளிகள் ஒளிர்ந்தன. ஈப்ரொம் சில்லின் மின்னேற்றம் காலத்தாலும் ஒளியாலும் மெல்லக் கசியும்; கசிந்த இடம் ஒன்றாகிவிடும்; ஒன்று என்றால் திரையில் ஒளிரும் புள்ளி. மறதி அங்கே இருளாக வருவதில்லை, வெளிச்சமாக வருகிறது. தமிழுக்கு அது போதாதா? இப்போது இரண்டு வெவ்வேறு எண்கள் 'ர்' என்றே தெரிகின்றன. ஒன்று மெய்யெழுத்து, மற்றது 'ர' வின் தலைமேல் கசிவு வைத்த புள்ளி. 'ல' விலும் அதே சிக்கல்.

பெரும்பாலான சொற்களில் பொருளே வழிகாட்டுகிறது. எது எந்த எண் என்று இருவரும் ஓர் அட்டவணை எழுதி, கோப்பை யுனிகோடுக்கு மாற்றி வருகிறோம். பதினொரு பக்கங்களில் எட்டு முடிந்துவிட்டன. ஒன்பதாம் பக்கத்தில் அண்ணாவியார் தன் குருவின் ஊரைச் சொல்கிறார். அந்தப் பெயரின் நடுவிலே, எங்கள் அட்டவணையில் இன்னும் இடம்பெறாத ஓர் எண் இருக்கிறது. எட்டுப் பக்கங்களையும் பேத்திக்கு அனுப்பிவிட்டேன். அந்த ஊரை அவரிடமே கேட்டிருக்கிறேன்.